உதவியவர்: நாட்டுப்புறப் பாடகரின் முதல் ஆல்பம் யாருடையது?

மாட்டுத்தாவணியில் உள்ள தாவணிக்கும் பெண்கள் உடுத்தும் தாவணிக்கும் தொடர்பில்லை. மாடுகளை வரிசையாகப் பிணைத்துக் கட்டும் நீளக் கயிற்றுக்குத் தாவணி என்று பெயர்; கயிறு கட்டிய சந்தைக்கும் அதுவே பெயராயிற்று. 1999இல் அங்கே ஒருங்கிணைந்த பேருந்து நிலையம் திறக்கப்பட்டது. மாடு போனது, பஸ் வந்தது, பெயர் மட்டும் போகவில்லை. மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியின் நாட்டுப்புறக் கலைஞர்களும் இப்படித்தான் ஊரைப் பெயரோடு கட்டிக்கொண்டவர்கள். கொல்லங்குடி கருப்பாயி, பரவை முனியம்மா, அலங்காநல்லூர் வேலு ஆசான், தேக்கம்பட்டி சுந்தரராசன். இதில் கொல்லங்குடிக்குப் போகிறவர் மாட்டுத்தாவணியில் பஸ் ஏற வேண்டும். தேக்கம்பட்டிப் பக்கம் போகிறவர் ஆரப்பாளையத்துக்குப் போக வேண்டும்; தெரியாமல் மாறிப் போனால் ஒரு மணி நேரம் வீண். ஆனால் கரகத்துக்கோ பாட்டுக்கோ அச்சாரம் கொடுக்க வருகிற திருவிழாக் கமிட்டிக்கு இந்தக் குழப்பம் கிடையாது. ஊர்ப்பெயர்தான் விலாசம். கலைஞரின் பெயர் அந்த விலாசத்தின் கடைசி வரி.

இப்படி விலாசம் உள்ள ஒருவர் ஸ்டூடியோவுக்குப் போய் முதல் ஆல்பம் போடும்போது பத்திரிகைகள் அதை அறிமுகம் என்கின்றன. அந்தச் சொல்லிலேயே சிக்கல் தொடங்குகிறது. பரதத்துக்கும் கச்சேரிக்கும் அரங்கேற்றம் என்றொரு நாள் உண்டு. நடவு வயலிலும் முளைப்பாரிக் கும்மியிலும் பாடத் தொடங்கியவருக்கு அப்படி ஒரு நாள் குறிக்கப்படுவதில்லை. 1985இல் ‘ஆண் பாவம்’ வந்தபோது தமிழகம் முழுக்கக் கருப்பாயியைப் புதுமுகமாகப் பார்த்தது. படத்தில் அவர் ஏற்ற வேடமோ பாட்டி. அமெரிக்காவில் எலிசபெத் காட்டன் பிறந்தது 1893இல். வீட்டு வேலை செய்துகொண்டிருந்த அந்தக் கறுப்பினப் பெண்மணியின் முதல் ஆல்பத்தை ஃபோக்வேஸ் நிறுவனம் வெளியிட்டது 1958இல். அவருடைய புகழ்பெற்ற ரயில் பாட்டை அவர் சிறுமிப் பருவத்திலேயே இயற்றிவிட்டார். ஆக, முதல் ஆல்பத்தில் உள்ள ‘முதல்’ ஒலிப்பதிவுத் தொழிலின் நாட்காட்டியைச் சேர்ந்தது. பாடகரின் பாட்டுக்கும் அந்தத் தேதிக்கும் சம்பந்தம் குறைவு. அப்படியானால் அந்தத் தேதியில் புதிதாக நடப்பது என்ன? இதுவரை ஊரின் பாட்டாக இருந்த ஒன்று பெயர் எழுதவேண்டிய பொருளாக மாறுகிறது. பாடியவர் யார், எழுதியவர் யார், இசையமைத்தவர் யார், உரிமை யாருக்கு என்று உறை கேட்கிறது. மண்வாசனை இருக்கிறதா, கலப்படம் ஆகிவிட்டதா என்று நாம் பல காலமாக விவாதித்து வருகிறோம். ஆல்பத்தை அளக்க வேண்டிய இடம் வேறு. உறையில் அந்தக் கட்டங்களை யார், எப்படி நிரப்பினார்கள் என்று பார்க்க வேண்டும்.

பெயர் தொலையும் கதை தமிழுக்குப் பழையது. சிலப்பதிகாரத்தில் மதுரைக்கு வெளியே ஆயர்பாடியில் குரவை ஆடும் ஏழு பெண்களுக்கு மாதரி பெயரிடுகிறாள்: குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். ஆட்டத்துக்காகப் படைத்துக்கொண்ட பெயர்கள் அவை. ஏழு சுரங்களின் பெயரும் நமக்குக் கிடைத்தன. அந்த ஏழு பெண்களின் சொந்தப் பெயர் கிடைக்கவில்லை. காப்பியத்தில் இது கலையழகு. அச்சுத் தொகுப்புகளுக்கு வந்தால் இதுவே வழக்கமாகிறது. சார்லஸ் கோவர் 1871இல் தென்னிந்திய நாட்டுப்பாடல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பெர்சி மாக்வீன் திரட்டியவற்றைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, ‘மலையருவி’ 1958இல் வந்தது. நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ 1964இல் வந்தது. இவற்றில் வானமாமலையின் முறை நேர்மையானது. பல பாடல்களின் கீழே சேகரித்தவர் பெயரும் இடமும் உண்டு. சில இடங்களில் ‘உதவியவர்’ என்று இன்னொரு பெயரும் வரும். அந்த உதவியவர் யார்? பெரும்பாலும் பாட்டைப் பாடிக்காட்டியவர்தான். வானமாமலையைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. அவர் அந்த வரியைச் சேர்த்திராவிட்டால் அந்தப் பெயர்கள் அடியோடு போயிருக்கும். ஆனாலும் பாடுகிறவரை உதவியவர் என்று அழைக்கிற மொழி, சேகரிப்பவரின் மேசையில் பிறந்த மொழி. பாட்டுக்குச் சொந்தக்காரர் அந்த மேசைக்குச் சாட்சியாகவே வந்துபோகிறார்.

இசைத்தட்டுப் பதிவு இந்தியாவில் தொடங்கியது 1902இல். 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம் பிடிக்கும். ஓர் இரவு முழுக்க நீளும் கதைப்பாடலுக்கு அங்கே இடமே கிடையாது. தட்டுகள் நாடகப் பாட்டையும் கர்நாடக இசையையும் தேடிப் போயின. வானொலி கொஞ்சம் தாராளம். திருச்சி நிலையம் 1939இல் தொடங்கியது. மதுரைக்கு 1987இல்தான் நிலையம் வந்தது என்பதால் இந்தப் பகுதிக் குரல்கள் நெடுங்காலம் வெளியூர் அலைவரிசையில்தான் ஒலித்தன. கிராமிய நிகழ்ச்சிகளுக்கு நன்றிக்கடன் உண்டு. கருப்பாயி போன்றவர்களைச் சினிமாவுக்கு முன்பே அறிந்துவைத்திருந்தது வானொலி. ஆனால் ஒலிபரப்பு காற்றோடு போவது. பாடியவர் வீட்டில் எடுத்துவைத்துக்கொள்ளத் தட்டும் இல்லை, உறையும் இல்லை. நிலையத்துக்கு அவர் நிகழ்ச்சிக்கு வந்துபோனவர், அவ்வளவே.

ஆல்பம் செய்திருக்க வேண்டிய வேலையைத் தமிழில் செய்தது சினிமா. இதை விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தச் சமவெளிக் குரல்களில் பெரும்பாலானவை நாட்டுக்குத் தெரிந்தது அந்த வாசல் வழியாகத்தான். கருப்பாயிக்கு 1985இல் ‘ஆண் பாவம்’. பரவை முனியம்மாவுக்கு 2003இல் ‘தூள்’. சிவகங்கை மாவட்டம் சூராணத்துச் சின்னப்பொண்ணு, மேடைகளில் பாடிப் பழகிய பிறகு, 2008இல் ‘காதலில் விழுந்தேன்’ பாட்டால் மூலைமுடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தார். மூன்றிலும் குரல் அவர்களுடையது; இசை என்ற கட்டத்தில் இருந்தது இசையமைப்பாளரின் பெயர். முனியம்மாவின் ‘தூள்’ பாட்டுக்கு இசை வித்யாசாகர், சின்னப்பொண்ணுவின் பாட்டுக்கு விஜய் ஆண்டனி. நல்ல பாடல்கள்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் முனியம்மா பல ஆண்டுகள் கோயில் மேடைகளில் பாடிய பாட்டுகளின் தொகுப்பாக அது எந்த வகையிலும் ஆகாது. சினிமா எடுத்துக்கொண்டது அவருடைய தொண்டையை; அவருடைய பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை. வயதான காலத்தில் அவர் நோயோடும் வறுமையோடும் போராடியதும், 2015இல் தமிழக அரசு வைப்புத்தொகை போட்டு உதவ முன்வந்ததும், 2020 மார்ச்சில் அவர் இறந்ததும் செய்திகளில் வந்தவை. ஒரு பாட்டுக்கு ஒருமுறைக் கூலி என்ற ஏற்பாட்டில் புகழ் பெருகலாம், வரும்படி பெருகாது.

இளையராஜாவைக் காட்டி இதை மறுப்பவர்கள் உண்டு. பண்ணைப்புரம் அன்று மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. தேனி மாவட்டம் பிரிந்தது 1996இல். அந்த மண்ணின் மெட்டுகள் 1976இல் ‘அன்னக்கிளி’ வழியாகத் தமிழ்நாட்டையே பிடித்தன என்பது உண்மை. ஆனால் அவர் படைப்பாளி என்ற கட்டத்தில் தன் பெயரை எழுத முடிந்தவர். மேற்கத்திய இசையெழுத்துத் தெரிந்தவர். 1986இல் அவர் வெளியிட்ட சினிமா சாராத முதல் ஆல்பம் ‘ஹௌ டு நேம் இட்’. அதில் தியாகராஜரும் பாஹும் சந்திக்கிறார்கள், நாற்று நடும் பெண்கள் அங்கே வரவில்லை. அதில் தவறேதும் இல்லை. நாட்டுப்புறத்திலிருந்து வந்த மேதை ஒருவரின் வெற்றியை நாட்டுப்புறப் பாடகரின் வெற்றியாகக் கணக்கெழுத முடியாது என்பதற்கு அது நல்ல சான்று. ஒருவருக்கு ஏணி கிடைத்ததால் தெருவுக்கே மாடி கட்டியதாகாது.

இடையில் ஒரு கதவு திறந்தது: கேசட். 1980களில் ஒலிநாடா மலிந்தபோது இந்திய இசைச் சந்தையில் ஒரு நிறுவனத்தின் கோலோச்சல் உடைந்து, ஊருக்கு ஊர் சிறு கம்பெனிகள் முளைத்ததை இசை ஆய்வாளர் பீட்டர் மானுவல் 1993இல் எழுதிய நூலில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். அவருடைய ஆதாரங்கள் பெரும்பாலும் வட இந்தியாவைச் சேர்ந்தவை. எனினும் தமிழ்நாட்டிலும் இதுவே நடந்தது. ஆடிக்கு அம்மன், கார்த்திகைக்கு ஐயப்பன், சித்திரைக்கு அழகர் என்று பருவம் பார்த்துக் கேசட் வந்தது. தேக்கம்பட்டி சுந்தரராசன் பாடிய கருப்பசாமிப் பாடல்கள் தென்மாவட்டக் கோயில் கொடைகளின் ரேடியோ செட்டில் குடியேறின. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புறவியல் கற்பித்த விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன், கணவர் நவநீதகிருஷ்ணனோடு சேர்ந்து, தாமே திரட்டியவற்றைத் தாமே பாடி நகர அரங்குகளுக்குக் கொண்டுபோனார். 2018இல் பத்மஸ்ரீ அவரைத் தேடி வந்தது. இளையான்குடி அருகே மாரந்தையில் பிறந்த கே.ஏ. குணசேகரன், தன்னானே குழுவோடு, இன்குலாபின் ‘மனுசங்கடா’ பாட்டைச் சாதிக்கு எதிரான மேடைகளின் குரலாக்கினார். ஒரு மணி நேரக் கேசட்டில் பக்கத்துக்கு அரை மணி கிடைக்கும். மூன்று நிமிடக் கூண்டு உடைந்துவிட்டது, கதைப்பாடலையே பதிந்திருக்கலாம். ஆனால் பெரும்பாலான கம்பெனிகள் சினிமாப் பாட்டு அளவிலேயே எட்டுப் பத்துப் பாட்டாக நறுக்கின. உறுமியும் பம்பையும் இருக்க வேண்டிய இடத்தில் பல கேசட்டுகளில் ரிதம் பேடு உட்கார்ந்தது. உறையில் முகப்பாடகரின் படம், கம்பெனியின் பெயர், ‘இசையமைப்பு’ என்று ஒரு பெயர். பின்பாட்டுக்காரர்களும் மேளக்காரர்களும் ‘குழுவினர்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைபட்டார்கள். மேலே சொன்ன பெயர்களை இன்னொரு முறை பார்த்தால் ஒன்று புலப்படும்: எழுத்தும் பல்கலைக்கழகமும் இயக்கமும் கையில் இருந்தவர்கள் உறையில் தம் பெயரைத் தாமே எழுதிக்கொள்ள முடிந்தது. மற்றவர்கள் குழுவினரானார்கள்.

சட்டமும் அதே கட்டங்களைத்தான் பார்க்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை தயாரிப்பாளருக்கு. வரிக்கும் மெட்டுக்கும் தனித்தனி உரிமை உண்டு. அதற்கு ஆசிரியர் என்று ஒருவர் வேண்டும். ஆசிரியர் தெரியாத பழம்பாட்டு பொதுச்சொத்து. ஆனால் அதற்குப் புதிதாக வாத்தியச் சேர்க்கை செய்பவர் தன் சேர்க்கைக்கு உரிமை கொண்டாடலாம். தலைமுறை தலைமுறையாகப் பாட்டைக் காப்பாற்றியவருக்கு எதுவும் கிடையாது, ஒரு வாரம் கீபோர்டு வாசித்தவருக்கு உண்டு என்ற விபரீதம் இப்படித்தான் சட்டபூர்வமாகிறது. பாடுகிறவருக்கு நிகழ்த்துநர் உரிமை என்ற ஒன்றே 1994ஆம் ஆண்டின் திருத்தத்தில்தான் சேர்ந்தது. கேசட்டின் பொற்காலத்தில் பாதி அதற்குள் ஓடிவிட்டது. வணிகப் பயன்பாட்டில் நிகழ்த்துநருக்கும் உரிமத்தொகையில் பங்கு என்பது 2012 திருத்தம். எலிசபெத் காட்டனின் ரயில் பாட்டும் இங்கிலாந்தில் 1950களில் வேறு பெயர்களில் பதிவாகி வெற்றி பெற்றது. அவர் பெயர் ஏறியது பிறகுதான். பெயர் ஏறியதற்குக் காரணம், அவர் உயிரோடு இருந்ததும், சாட்சி சொல்ல ஆட்கள் இருந்ததும். எல்லோருக்கும் அது வாய்க்காது.

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழும். நாட்டுப்புறப் பாட்டு சமூகத்தின் சொத்து. அதில் ஒருவர் பெயரை எழுதுவதே திருட்டு, ‘பாரம்பரியம்’ என்று போடுவதே நேர்மை என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடைமுறையில் பாரம்பரியம் என்ற பெயரில் வங்கிக் கணக்கு கிடையாது. அந்தச் சொல் எழுதப்பட்ட கட்டத்துப் பணம் சமூகத்துக்குப் போவதில்லை. பக்கத்துக் கட்டத்தில் பெயர் உள்ளவருக்குப் போகிறது. தவிர, சமூகம் என்று பொதுவாகச் சொல்வதும் முழு உண்மையாகாது. ஒரே தாலாட்டை ஒருத்தி தன் அண்ணன்மார் பெயரை வைத்துப் பாடுகிறாள். அடுத்த தெருக்காரி அதில் தன் தாய்மாமன் சீரைச் சேர்க்கிறாள். ஒப்பாரியில் ஒவ்வொருத்தியும் தன் இழப்பைச் சொல்லும்போது பழைய சட்டகத்துக்குள் புது வரி விழுகிறது. பொதுவான மெட்டும் தனியாள் கைவேலையும் அங்கே சேர்ந்தே இருக்கின்றன. பாப் டிலனின் 1962ஆம் ஆண்டு முதல் ஆல்பத்தில் 13 பாட்டுகள். அவர் எழுதியவை இரண்டே இரண்டு. மற்றவை பழம்பாட்டுகளும் பிறர் பாட்டுகளும். அதற்காக அந்த ஆல்பம் டிலனுடையது இல்லை என்று யாரும் சொல்லவில்லை. கொல்லங்குடிக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

இன்னொரு மறுப்பு ஒலியைப் பற்றியது. பாட்டு என்பது களமும் கூட்டமும் குலவையும் சேர்ந்தது. பதிவு செய்தால் செத்துப்போகும், ஒரு வடிவம் மட்டும் உறைந்து மற்றவை மறையும் என்பது. இதில் பாதி உண்மை. பறையைத் தீயில் காய்ச்சி, தோல் விறைத்த பிறகு அடிக்கும் சத்தம் குளிரூட்டிய அறையில் கொஞ்ச நேரத்திலேயே இறங்கிவிடும். இழவு வீட்டுக்கு வெளியே ஒப்பாரி பாடக் கூடாதென்று கருதும் பெண்களை மைக் முன் நிறுத்துவது அவர்கள் மனசை உறுத்தும் விஷயம். ஆனால் நாட்டுப்புறக் கலை பதிவைக் கண்டு ஒடுங்கிப்போகும் நோஞ்சான் என்று நினைப்பது நகரத்துக் கற்பனை. பறையடிகளின் பட்டியலில் சாமிச்சாட்டு அடி, மருள் அடி, வாழ்த்தடி ஆகியவற்றோடு ‘சினிமா அடி’யும் ‘ஜாயிண்ட் அடி’யும் இருக்கின்றன. வெளியிலிருந்து வந்ததை எடுத்து, தனக்கு ஒரு அடியாக்கிப் பெயரும் வைத்துவிடும் மரபு அது. கரகக் குழுக்கள் கேசட் கேட்டுப் பாடம் செய்து, அடுத்த திருவிழாவில் வேறு மாதிரிப் பாடுவதும் இதே வழியில்தான். இந்த மரபை மேடைக்கும் மாணவர்களுக்கும் கொண்டுசென்ற வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது அலங்காநல்லூர் என்றால் ஜல்லிக்கட்டு என்ற நினைப்புக்குப் பக்கத்தில் பறையும் வந்து நின்றது. பதிவின் தீமை ஒலியை உறையவைப்பதில் குறைவு. அந்த ஒலிக்கு யார் சொந்தம் என்பதை உறையவைப்பதில்தான் அதிகம்.

கடந்த சில ஆண்டுகளில் காற்று கொஞ்சம் மாறியிருக்கிறது. 2020 டிசம்பரில் சென்னையில் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ அடுத்த ஆண்டு மதுரைக்கும் வந்தது. 2021இல் ‘என்ஜாயி எஞ்சாமி’ ஒப்பாரியின் சாயலையும் தோட்டத் தொழிலாளர் நினைவையும் உலகெங்கும் கொண்டுபோனது. அதே ஆண்டு அந்தப் பாட்டோடு தொடர்புடைய ஓர் ஆங்கில இதழின் அட்டையில் அதை எழுதிப் பாடிய பாடகர் அறிவின் முகம் இல்லாதபோது எழுந்த கேள்வி, உறையில் பெயர் என்ற பழைய கேள்வியின் புது வடிவம்தான். தொழில்நுட்பமோ மறுபடி கட்டம் போடுகிறது. ஸ்பாட்டிஃபையில் ஒருவர் 30 விநாடி கேட்டால்தான் ஒரு கேட்பு. 2024 முதல் ஓராண்டில் 1,000 கேட்பு தாண்டாத பாட்டுக்கு உரிமத்தொகை கிடையாது. தன்னானே போட்டு நிதானமாகத் தொடங்கி, விருத்தம் முடிந்து பாட்டுக்குள் வர ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளும் பாடகருக்கு இந்தக் கணக்கு பகை. ஆனால் பாட்டை ஏற்றும் படிவத்தில் பாடியவர், எழுதியவர், இசைத்தவர் என்று எத்தனை பெயர் வேண்டுமானாலும் எழுத இடமுண்டு. கேசட் அட்டையில் இடமில்லை என்ற சாக்கு இன்று செல்லாது. பின்பாட்டுப் பாடிய நான்கு பேரும், தவிலும் பம்பையும் உறுமியும் வாசித்தவர்களும், பாட்டைக் கற்றுக்கொடுத்த மூதாட்டியும், அவர் ஊரும் அங்கே ஏறலாம். பாட்டுரிமையில் ஒரு பகுதியை அந்தக் குழுவுக்கே ஒப்பந்தத்தில் எழுதிவைக்கச் சட்டம் தடைபோடவில்லை.

அந்தப் பெயர்களை யார் படிக்கப்போகிறார்கள் என்பது கடைசியாகக் கேட்கப்படும் கேள்வி, கொஞ்சம் சலிப்போடு கேட்கப்படுவது. அமெரிக்கப் பாடகர் மிசிசிப்பி ஜான் ஹர்ட் 1928இல் சில தட்டுகள் பாடினார். அவை சரியாக விற்கவில்லை, அவரும் விவசாய வேலைக்குத் திரும்பிவிட்டார். 1952இல் ஹாரி ஸ்மித் பழைய தட்டுகளிலிருந்து 84 பாட்டுகளைத் தொகுத்தபோது அதில் ஹர்ட்டின் குரலும் இருந்தது. ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று யாருக்கும் தெரியாது. ஒரு பாட்டில் அவர் தன் ஊர் ஆவலான் என்று பாடியிருந்தார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு 1963இல் ஓர் இளைஞர் தேடிப் போக, ஆள் அதே ஊர்ப்பக்கத்தில் இருந்தார். அதன்பிறகு மறுபடி மேடையும் ஆல்பமும். நம் பாடகர்கள் ஊர்ப்பெயரைப் பாட்டுக்குள் ஒளித்துவைக்கத் தேவையில்லை, பெயருக்கு முன்னாலேயே வைத்திருக்கிறார்கள். கொல்லங்குடிக்குச் சிவகங்கை வழியாக மாட்டுத்தாவணியிலிருந்து பஸ் உண்டு.